மால்வண் கடலில் முருகைக்கல்



புனே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், மலைத்தொடருக்கு அப்பால் ஒதுங்கி இருக்கிறது. இங்கு வந்து குடியேறிய தமிழர்களில் கடற்கரையில் பிறந்தவர்கள் பலர். கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் பிம்பிரியிலும் எனக்குத் தெரிந்தவர்களை எண்ணினாலே தூத்துக்குடிக்காரர், நாகைக்காரர், கடலூர்க்காரர் என்று வரிசையாகச் சொல்லலாம். ஆயினும் கடலைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை எழுந்தால் நாம் செய்வது என்ன? கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் வரை காத்திருக்கிறோம். இல்லையென்றால் கோவாவுக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

நாம் வாழும் இந்த மகாராஷ்டிர மாநிலத்தின் தென்கோடியில் மால்வண் என்று ஒரு பழைய துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அதன் எதிரே கடலுக்குள் ஒரு தீவும், அத்தீவில் சிவாஜி மகாராஜா கட்டிய சிந்துதுர்க்கம் என்னும் கோட்டையும் இருக்கின்றன. கோட்டையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அக்கோட்டைச் சுவருக்கு வெளியே, ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் ஆழத்தில், உயிருள்ள பவளப் பாறைகள் இருக்கின்றன என்பதை நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் புனேயில் வாழ்ந்தும் அறியாமல் இருந்தேன். சென்ற தை மாதம், குடியரசு நாள் விடுமுறையில், என் தந்தையாரையும் மகனையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்தேன். அந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் தந்தையார் எண்பதை நெருங்கியவர். மண்டபத்திற்கு அருகே ஒரு கடலோரச் சிற்றூர் எங்கள் சொந்த ஊர். அம்மா காலமான பிறகு, பனிக்காலத்தில் இரண்டு மாதம் எங்களோடு புனேயில் வந்து தங்குவது அவர் வழக்கம். வந்தவுடன் ஒரு குறை சொல்வார்: "இந்த ஊரில் காற்றுக்குத் திசையே இல்லை." எங்கள் பக்கத்தில் வாடை என்றும் கொண்டல் என்றும் சோழகம் என்றும் கச்சான் என்றும் காற்றுக்குப் பெயர் உண்டு. பெயரைச் சொன்னால் எந்த மீன் கரைக்கு வரும் என்று சொல்லிவிடலாம். புனேயில் காற்று வெறும் காற்றாகத்தான் அடிக்கிறது என்பது அவர் வழக்கு.

மால்வண் போகலாம் என்று நான் சொன்னதும் அவர் முதலில் கேட்டது திதியை. "அட்டமியை ஒட்டிப் போ" என்றார். இதைக் கேட்டு என் மனைவி திடுக்கிட்டாள். அட்டமி நவமியில் யாராவது பிரயாணம் புறப்படுவார்களா? ஆனால் கடற்கரை மனிதருக்கு வேறு பஞ்சாங்கம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடலில் ஏற்றவற்றம் மிகுதி. நீர் வேகமாக ஓடி அடிமண்ணைக் கிளறும், கடல் கலங்கும். அட்டமியை ஒட்டி ஞாயிறும் திங்களும் ஒன்றுக்கொன்று குறுக்கே இழுப்பதால் நீரோட்டம் தணியும், நீர் தெளியும். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் தெளிநீருக்காகக் காத்துக் கிடப்பவர்கள். அவர்களோடு பழகி அப்பா கற்றது இது. குடியரசு நாளும் அட்டமியும் அம்முறை சேர்ந்தே வந்தன. என் மனைவி சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டு எங்களை வழியனுப்பினாள். அவள் வரவில்லை.

புனேயிலிருந்து மால்வண் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். சாதாரா, கராட், கோலாப்பூர் வரை தேசிய நெடுஞ்சாலை. பிறகு ராதாநகரி வழியாகக் காட்டுக்குள் நுழைந்து, போண்டா கணவாயில் மலையிலிருந்து இறங்கவேண்டும். அந்த இறக்கத்தில் காற்று சட்டென்று மாறிவிடுகிறது. மேலே இருந்த வறண்ட குளிர் போய், ஈரமும் வெம்மையும் கலந்த காற்று முகத்தில் படுகிறது. அப்பா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இனிமேல் உப்பு வரும்" என்றார். அரை மணி நேரத்தில் தென்னையும் முந்திரியும் வந்தன. ரயிலில் போக விரும்புவோருக்குக் கொங்கண் ரயில் பாதை இருக்கிறது. 1998இல் அப்பாதை முழுமையடைந்தது. கண்கவலியிலோ குடாலிலோ இறங்கினால் மால்வணுக்குப் பேருந்து உண்டு. ஆனால் மலைக் கணவாயில் இறங்கிக் கடலை அடைவதில் ஓர் இன்பம் இருக்கிறது. முதல் முறை போகிறவர்கள் அதை இழக்க வேண்டாம்.

பட்டினத்திற்குத் தெற்கே ஆறேழு கிலோமீட்டரில் தார்கர்லி என்னும் நீண்ட மணற்கரை. ஒருபுறம் கடல், மறுபுறம் கர்லி ஆறு, நடுவே தென்னந்தோப்பு. அங்கே ஒரு வீட்டில் தங்கினோம். விடியற்காலையில் ஒரு மைல் தூரம் நடந்தோம். எதிரே வந்தவை இரண்டு நாய்களும் ஒரு வலைக்கூட்டமும்தான். ராபண் என்று அவர்கள் அழைக்கும் பெரிய வலையைக் கரையிலிருந்து இருபுறமும் இழுத்துக் கொண்டிருந்தார்கள். அது நம்முடைய கரைவலையேதான். அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், கடைசி ஆளுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக் கொண்டார். மொழி தெரியாதவர் என்று யாரும் விலக்கவில்லை. வலை ஏறியதும் கூடையில் நான்கு பாங்கடா மீன்களை அள்ளி அவர் கையில் வைத்தார்கள். நம்மூர் அயிலைதான். தங்கியிருந்த வீட்டு அம்மையார் அதைத் தேங்காயும் திரிபளமும் சேர்த்துக் குழம்பு வைத்து, கோகம் புளியில் செய்த சோல்கடியோடு பரிமாறினார். அந்தச் சாப்பாட்டைப் பற்றி வேறொரு நாள் பேச வேண்டும், இன்று நேரமில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மால்வண் துறையில் படகேறினோம். குர்ட்டே என்னும் பாறைத் தீவில் 1664ஆம் ஆண்டு கோட்டை வேலை தொடங்கி மூன்று ஆண்டுகளில் முடிந்தது. ஹிரோஜி இந்துல்கர் என்பவர் வேலையை முன்னின்று நடத்தினார். அடிக்கற்களைப் பாறையோடு பிணைக்க ஈயத்தை உருக்கி வார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். சுவர் வளைந்து வளைந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஓடுகிறது. நாற்புறமும் உப்பு நீர் சூழ, உள்ளே மூன்று நன்னீர்க் கிணறுகள். அவற்றிற்குப் பால், தயிர், சர்க்கரை என்று பொருள்படும் பெயர்கள். மகாராஜாவின் கையும் காலும் சுண்ணாம்புக் காரையில் பதிந்தவை என்று இரண்டு தடங்களைச் சிறு மாடங்களில் போற்றி வைத்திருக்கிறார்கள். என் மகன் அந்தக் கைத்தடத்தின் அளவைத் தன் கையோடு ஒப்பிட்டுக் கொண்டிருந்தான். அப்பாவோ கோட்டைச் சுவரின் காரையை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "நன்றாக வெந்த சுண்ணாம்பு" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

கோட்டையைச் சுற்றிக் கொண்டு போய், பாறைகள் தலைகாட்டும் ஓரிடத்தில் படகுக்காரர் நங்கூரம் போட்டார். ஸ்நார்க்கெலிங் என்று சொல்கிறார்களே, அது இங்கேதான். பெயர் பெரிதாக இருக்கிறது, செயல் எளிது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் ஒரு கண்ணாடிக் கவசம். வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழல். நீரின் மேல் குப்புற மிதந்து, முகத்தை மட்டும் நீரில் ஆழ்த்தி, குழல் வழியாக மூச்சு விடவேண்டும். நீந்தத் தெரியாதவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து, படகோடு கட்டிய மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவிக் கழுவினால் ஆவி படியாது. குழலில் நீர் புகுந்தால் பதறாமல் ஒரே ஊதாக ஊதி வெளியே தள்ளவேண்டும். பனியனோடு இறங்காமல் முழுக்கைச் சட்டையோடு இறங்குவது நல்லது. குப்புறக் கிடக்கும்போது வெயில் முதுகை வேகவைப்பது அப்போது தெரியாது, இரவில்தான் தெரியும். இது நான் பட்டு அறிந்தது.

அப்பாவுக்கு ஒரு தொல்லை வந்தது. அவருடைய மீசை சாதாரண மீசை அன்று. கண்ணாடிக் கவசத்தின் ரப்பர் விளிம்பு மேலுதட்டில் ஒட்டாமல், மீசை மயிரின் இடுக்கு வழியாக நீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. படகுக்கார இளைஞர், "ஆஜோபா, மீசையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சிரித்தார். ஆஜோபா என்றால் தாத்தா. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை. பையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்து, மீசை முழுவதும் அப்பிக்கொண்டு, மறுபடியும் கவசத்தை மாட்டினார். ஓரளவு நின்றது. இடுப்பில் கயிறு கட்டி, நானும் படகுக்காரரும் இருபுறமும் பிடிக்க, ஆழமில்லாத பக்கமாக அவரை இறக்கினோம்.

நீருக்குள் பொருள்கள் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் சற்று அருகிலும் தெரியும். ஆகையால் முதல் பார்வையில் பாறை முகத்தில் மோதுவதுபோல் தோன்றும். பிறகு கண் பழகுகிறது. மேட்டுப் பானைகளைக் கவிழ்த்ததுபோல் உருண்ட முருகைகள். சில இளம்பழுப்பு, சில பசுமை கலந்த மஞ்சள். அகன்ற காளான் குடைபோல் விரிந்தவை சில. தேன்கூட்டின் அறைகளைப்போல் மேலெல்லாம் கண் கண்ணாக அமைந்தவை சில. மஞ்சள் முதுகில் ஐந்து கறுப்புப் பட்டை போட்ட சிறு மீன்கள் கூட்டமாக வந்து எங்கள் விரல்களை முகர்ந்து போயின. வண்ணாத்தி மீன்கள் இரண்டிரண்டாகத் திரிந்தன. ஒரு கிளிமீன் தன் அலகால் பாறையைச் சுரண்டும் ஒலி நீருக்குள் தெளிவாகக் கேட்டது. பாறை இடுக்கில் கறுப்புக் கடல் முள்ளெலி ஒன்று முட்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது.

இந்த முருகைக்கல் உண்மையில் கல் அன்று. ஊசிமுனை அளவிலிருந்து விரல் நகத்தளவு வரை உள்ள சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் ஊர் அது. ஒவ்வோர் உயிரும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பினால் ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. அக்கிண்ணத்தின் மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு அந்தப் பாசி உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு தருகிறது. நாம் காணும் பழுப்பும் பசுமையும் பெரும்பாலும் அந்தக் குடியிருப்பவரின் நிறமே. ஆகையால்தான் வெயில் புகும் தெளிந்த, ஆழமில்லாத நீரை முருகை நாடுகிறது. கடல் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடேறிச் சில வாரங்கள் அப்படியே நின்றுவிட்டால், உயிர் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. முருகை வெளுத்துப் போகிறது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும்; தணியாவிட்டால் பட்டினியில் இறக்கும். 2016ஆம் ஆண்டுக் கோடையில் மன்னார் வளைகுடாவில் இப்படி முருகை வெளுத்தது. மால்வண் கடலும் அந்தக் காலத்துச் சூட்டுக்குத் தப்பவில்லை. உருண்டை முருகைகள் ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. கவிழ்த்த பானை அளவில் ஒன்றைக் கண்டால், அது நம்மில் பலருடைய மண வாழ்க்கையைவிட மூத்தது என்று கொள்ளலாம்.

அப்பா நீரில் கால் மணி நேரம் முகம் தூக்கவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. தோளைத் தொட்டேன்; கையை அசைத்து என்னை விலகச் சொன்னார்.

அப்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. சற்றுத் தொலைவில் வேறொரு படகு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய நாலைந்து இளைஞர்கள், களைப்பாற ஒரு மேடு கிடைத்ததென்று, முருகைப் பாறையின் மேலேயே ஏறி நின்றார்கள். படம் எடுக்க வசதியாக இருக்குமென்று அவர்களை அழைத்து வந்தவரும் இடத்தைக் காட்டிக் கொடுத்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, உரத்த குரலில் தமிழில் கூவினார்: "தம்பி, அதன்மேல் நிற்காதீர்கள்! இறங்குங்கள், இறங்குங்கள்!" அவர்களுக்கு என்ன புரியும்? யாரோ முதியவர் மூழ்குகிறார் என்று எண்ணி உதவிக்கு வரப் பார்த்தார்கள். எங்கள் படகுக்காரர் மராத்தியில் எடுத்துச் சொன்ன பிறகு நாணத்தோடு இறங்கினார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பழுப்பு நிறம் சுரண்டப்பட்டு, காலடி அளவுக்கு வெள்ளை தெரிந்தது. அப்பா அதன்பின் நீரில் இறங்கவில்லை. படகின் விளிம்பில் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி, நான் முன்னே நிறுத்தி வைத்த செய்திக்கு வருகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு என்று எங்கள் பக்கத்துத் தீவுகளின் பெயர்களைப் பாட்டுப்போல் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஒவ்வொரு தீவையும் சுற்றி முருகைப் பார்கள். உலகத்து உயிரியல் மாணவர்கள் அந்தக் கடலைத் தேடி வந்தார்கள். 1947இல் மண்டபத்தில் மைய மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1971இல் அதன் தலைமையகம் கொச்சிக்குப் பெயர்ந்தது என்றாலும் மண்டபத்தில் ஆராய்ச்சி தொடர்ந்தது. அந்த நிலையத்து அறிஞர்கள் ஒருபுறம் முருகைகளுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திக் கொண்டிருக்க, அதே கடலில் மறுபுறம் ஆட்கள் கடப்பாரையோடு இறங்கி அவற்றைப் பெயர்த்துக் கொண்டிருந்தார்கள். நீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு நீரில் நின்று பெயர்ப்பார்கள். வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் காயவைப்பார்கள். பிறகு காளவாய்க்குப் போகும், சுண்ணாம்பாகும். தூத்துக்குடிப் பக்கத்தில் தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. வீட்டு அடித்தளத்திற்கும் சாலைக்கும்கூட முருகைக்கல்லையே போட்டார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் கடலிலிருந்து இப்படி வெளியேறியது.

அந்தக் கடப்பாரை பிடித்த கைகளில் இரண்டு என் தந்தையாருடையவை.

இதை நான் வானொலியில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "நடந்ததுதானே, சொல்" என்றார். மீன்பிடிக்க வள்ளமும் வலையும் இல்லாதவனுக்கு அந்நாளில் கல்லெடுப்பு ஒன்றே நாள் தவறாத கூலி. எங்கள் வீட்டுச் சுவர் முருகைக்கல். அதன் மேல் பூசிய சுண்ணாம்பும் முருகைக்கல். நான் படித்த பள்ளிக்கூடத்துச் சம்பளமும், பிறகு தொழிற்பயிற்சிக்காக மதுரைக்குப் போன செலவும் அந்தக் கல்லிலிருந்துதான் வந்தன. அந்தத் தொழிற்பயிற்சிதான் என்னைப் பிம்பிரியில் ஒரு தொழிற்சாலையில் கொண்டுவந்து சேர்த்தது. புனேயில் நான் கட்டிய இரண்டு அறை வீட்டின் அடியிலும், ஒரு கணக்கில் பார்த்தால், மன்னார்க் கடலின் கல் இருக்கிறது. ஆகவே கல்லெடுத்தவர்களைப் பழித்து நான் பேசமாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

1986இல் அத்தீவுகளும் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்பா அதையொட்டித் தொழிலை விட்டுவிட்டுக் கருவாட்டுக் கிடங்கில் சேர்ந்தார். கல்லெடுப்பு உடனே நிற்கவில்லை, களவாகத் தொடர்ந்தது. 2001இல் கல்முருகைகள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள காப்பு முருகைக்கும் வந்தது. அதற்குள் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த முருகைச் சுவரைப் பெயர்த்ததே அதற்கு முதற்காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்.

அன்றிரவு தார்கர்லியில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பத்துப் பன்னிரண்டு வருஷம் அதன்மேல்தான் நின்றேன் தம்பி. காலில் குத்தக் கூடாதென்று டயர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்போம். மேலேயிருந்து பார்த்தால் நீர் அசையும். கீழே பழுப்பாய்த் தெரியும். கரையில் போட்டு இரண்டு நாள் காய்ந்தால் எல்லாம் ஒரே வெள்ளை. நாற்றம் மட்டும் மீன் நாற்றம் அடிக்கும். கல்லுக்கு ஏன் மீன் நாற்றம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை."

என் மகன் கேட்டான்: "தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டீர்களா, தாத்தா?"

அப்பா உண்மை பேசுகிற மனிதர். "எடுத்திருப்பேன்" என்றார். "உன் அப்பனுக்குச் சோறு போடவேண்டும். ஆனால் பார்த்துவிட்டு எடுத்திருப்பேன். பார்க்காமலே எடுத்தேன்."

மறுநாள் காலையில் என் மகன் கரையில் பொறுக்கி வைத்திருந்த ஒரு வெள்ளை முருகைத் துண்டைத் தானாகவே கொண்டுபோய் நீரில் போட்டுவிட்டு வந்தான். இறந்த துண்டானாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவருவது சட்டத்திற்கு மாறானது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். கடைகளில் அலங்காரப் பொருளாக யாராவது நீட்டினாலும் வாங்கவேண்டாம்.

மால்வண் கடலிலும் 1987ஆம் ஆண்டு முதல் 29 சதுர கிலோமீட்டர் அளவுக்குக் கடல்வாழ் உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பத்மகட் என்னும் சிறு தீவும் அதைச் சுற்றிய பாறைகளும் அதன் உட்பகுதி. பிழைப்பு போய்விடுமோ என்று அஞ்சி உள்ளூர் மீனவர்கள் அந்த அறிவிப்பை நெடுங்காலம் எதிர்த்தார்கள். அந்த அச்சம் எனக்குப் புதிதன்று; எங்கள் ஊரிலும் அதே அச்சத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போது படகுக்காரர்களில் பலருக்கு மீனைவிடக் காட்சியே கூலி தருகிறது. நம்மைப்போல் போகிறவர்கள் கேட்பதையே அவர்கள் செய்கிறார்கள். மீன் கூட்டமாக வரவேண்டுமென்று நாம் ஆசைப்பட்டால் ரொட்டித் துண்டை நீரில் வீசுகிறார்கள். பாறையில் படரும் பாசியை மேய்ந்து முருகைக்கு இடம் ஒழித்துக் கொடுக்கவேண்டிய மீன், ரொட்டிக்குப் படகைச் சுற்றிக் கொண்டிருக்கிறது. எங்கள் படகுக்காரரும் ஒரு பொட்டலம் ரொட்டி வைத்திருந்தார். வேண்டாம் என்றதும், "மீன் வரவில்லை என்று பிறகு குறை சொல்வீர்களே?" என்று கேட்டார். குறை சொல்லமாட்டோம் என்றோம். ரொட்டியில்லாமலே மீன் வந்தது. பொட்டலத்தை அவர் தேநீரோடு தின்றார்.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். கார்த்திகை முதல் மாசி வரை நீர் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் கோட்டைக்கும் படகு இல்லை. காலை பத்து மணிக்குள் நீரில் இறங்கிவிடுவது நல்லது. பிற்பகலில் கடற்காற்று எழுந்து அலை கூடும். படகேறும் முன்பே, பாறைமேல் நங்கூரம் போடாமல் மணலில் போடும்படி படகுக்காரரிடம் சொல்லுங்கள். "நாங்கர் வாளூவர் டாகா" என்றால் போதும். களைத்தால் மிதவையைப் பிடியுங்கள். காலை ஊன்ற இடம் தேடாதீர்கள். மேல்நாட்டு வெயில் பசைகளில் சில முருகைக்கு ஆகாதவை என்கிறார்கள். பழைய பருத்திச் சட்டை ஒன்றிருந்தால் அதுவே போதும். மேலும், ஊருக்குப் போகும்போது மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பார்க்க விரும்பினால், இறங்குவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதை முன்பே விசாரித்துக் கொள்ளுங்கள். அப்பா இதுவரை அங்கே கண்ணாடி மாட்டிப் பார்த்ததில்லை. பங்குனியில் ஊருக்குத் திரும்பியதும் மனோலிப் பக்கம் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கவேண்டும் என்று சொன்னார். தாம் பெயர்த்த இடம் ஒன்று அங்கே இருக்கிறதாம். நாற்பது ஆண்டில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க ஆசை. வனத்துறைக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி வருகையில் கோலாப்பூரில் ஒரு கடையில் கண்ணாடிக் கவசங்கள் பார்த்தோம். விளிம்பு மெல்லிய ரப்பரால் ஆனது. எந்த முகத்திலும் ஒட்டும் என்று கடைக்காரர் உறுதி கூறினார். அப்பா மாட்டிப் பார்த்தார். மேலுதட்டில் மட்டும் ஒட்டவில்லை. கடைக்காரரும் படகுக்காரர் சொன்ன அதே யோசனையைச் சொன்னார். கவசத்தை வாங்கிக்கொண்டோம், மீசை விஷயத்தில் அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.